வேலூரிலிருந்து சாயங்காலம் முடிவெடுத்து ராத்திரியே விண்கல் மழை பார்க்கப் போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் நான்கு நண்பர்கள், இரண்டு பைக். டிசம்பர் 13 ராத்திரி ஜெமினிட் விண்கல் மழை உச்சத்தில் இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல்தான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். காவலூர் போனால் பெரிய டெலஸ்கோப்பில் பார்க்க விடுவார்களா, இல்லை ஏலகிரியா, ஜமுனாமரத்தூரா என்று கேட்டிருக்கிறீர்கள். இடத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் கிளம்பினால் ராத்திரி வீணாகாமல் இருக்குமா என்பதுதான் உண்மையான சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். வீணாகாது. ஆனால் அதைத் தீர்மானிப்பவை நிலா, மேகம், இருட்டு, நீங்கள் விழித்திருக்கும் நேரம் ஆகிய நான்கும்தான். ஊர்ப் பெயர் கடைசியில்தான் வரும். உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடம் அந்த மூன்றையும்விட நல்லது என்று பின்னால் சொல்லப்போகிறேன்.

காவலூரை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஜவ்வாது மலையில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம். 1968இல் ஒரு சிறிய தொலைநோக்கியோடு ஆரம்பித்தது. 1986 ஜனவரியில் தொடங்கிவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977இல் உலகத்துக்குத் தெரிந்ததில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1988இல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். பெருமைக்குரிய இடம், பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் விண்கல் பார்க்க அது உதவாது. பெரிய தொலைநோக்கி ஒன்றுக்கு ஒரு நேரத்தில் தெரிவது வானத்தின் மிகச் சிறிய ஒரு துண்டுதான். விண்கல்லோ வானத்தின் எந்த மூலையிலும் அரை நொடியில் கோடு போட்டுவிட்டுப் போய்விடும். அகலமாகப் பார்க்கத் தோதான கருவி வெறும் கண்தான், பைனாகுலர்கூட இடைஞ்சல். இன்னொரு விஷயம்: ராத்திரியில் ஆய்வகத்தைச் சுற்றி வண்டி ஹெட்லைட்டோடு சுற்றினால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவு. முன்அனுமதி இல்லாமல் ராத்திரி பத்து மணிக்கு கேட்டில் போய் நிற்காதீர்கள்.

ஜெமினிட் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எப்போது பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும். பெரும்பாலான விண்கல் மழைகள் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசியால் வருகின்றன. இது விதிவிலக்கு. 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற பாறைப்பொருள்தான் இதன் மூலம். சுமார் 1.4 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது, புதன் கோளைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகப் போய்வருகிறது. அது உதிர்த்த துகள்கள் நம் காற்றுமண்டலத்தில் நொடிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகின்றன. ஆகஸ்டில் வரும் பெர்சீட் விண்கல் மழையின் வேகம் 59 கிலோமீட்டர். அதனால் ஜெமினிட் கொஞ்சம் நிதானமாக, நன்றாகக் கண்ணில் படும்படி போகும், மஞ்சள் சாயலோடு பிரகாசமானவையும் நிறைய வரும். துகள்கள் மணல், சிறு கூழாங்கல் அளவுதான். நமக்கு மேலே பல பத்துக் கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும், தலையில் கல் விழுமோ என்று வீட்டில் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எல்லா ஜெமினிட்களும் மிதுன ராசியிலுள்ள ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவது போலத் தோன்றும். நம் பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்குப் பக்கத்தில். அந்தப் புள்ளி தொடுவானத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எண்ணிக்கை. வேலூரின் அட்சரேகைக்குக் கணக்குப் போட்டால், டிசம்பர் 13 அன்று அது வடகிழக்கில் இரவு ஏழரை மணி வாக்கில் உதிக்கும். பத்து மணிக்கு 30 பாகை (டிகிரி) உயரம். 2 மணி தாண்டி ஒரு பத்து நிமிடத்தில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே 70 பாகையில் நிற்கும். அதிகாலை 5 மணிக்கும் வடமேற்கில் 45 பாகைக்குக் குறையாது. அதற்கு மேல் விடியல் வெளிச்சம் வந்துவிடும். ஆக உங்கள் வேலைநேரம் 10 முதல் 5 வரை, அதில் சாரம் 12 முதல் 4 வரை. இது மேகம் மாதிரி மாறுகிற விஷயம் இல்லை, எந்த ஆண்டும் இதே கணக்குதான். ஆறு மணிக்குக் கிளம்புவதால் எதையும் இழக்கவில்லை என்பதே இதன் அர்த்தம். இழப்பவர்கள் யாரென்றால், ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து, பத்தரைக்குள் நாலைந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான். எட்டு, ஒன்பது மணிக்கு ஒரு தனி அழகு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் வரும் ஒன்றிரண்டு காற்றுமண்டலத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு வானத்தின் பாதியைத் தாண்டிப் போகும்.

நிலாவுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். வளர்பிறை சஷ்டிக்குள் இருந்தால் பதினொரு மணிக்குள் நிலா மறைந்துவிடும், நல்ல ராத்திரி. தேய்பிறை ஏகாதசி தாண்டியிருந்தால் பிறை பின்னிரவில்தான் வரும், வந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. தேய்பிறை அஷ்டமி என்றால் நடுராத்திரி வரை மட்டும் இருட்டு. பௌர்ணமியை ஒட்டி இருந்தால் மலைக்குப் போகிற செலவு வீண், மாடியிலிருந்தே பிரகாசமான சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் டிசம்பர் 8, 9 ஒட்டி அமாவாசை. 13ஆம் தேதி இளம்பிறை பத்து மணி வாக்கில் மறைந்துவிடும், அருமையான அமைப்பு. 2027இல் 13ஆம் தேதியே பௌர்ணமி. நம் பக்கத்துக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு: திருவண்ணாமலை தீபம் டிசம்பர் 13க்குப் பக்கத்தில் விழுந்தால் அந்த ஆண்டு ஜெமினிட் நிலவொளியில் அடிபட்டுவிட்டது என்று அர்த்தம். 2024இல் அப்படித்தான் ஆயிற்று, அதே 13ஆம் தேதி தீபம். அன்று போளூர் சாலையில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

எத்தனை தெரியும் என்பதில்தான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. செய்திகளில் மணிக்கு 120, 150 என்று போடுவது, கிளம்பும் புள்ளி நேர் உச்சியில், கண்ணுக்கு எட்டக்கூடிய மங்கலான விண்மீன்கள் வரை தெரியும் வானத்தில், உச்ச நேரத்தில் ஒருவர் பார்க்கக்கூடிய எண்ணிக்கை. விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் அளவுகோலில் வானம் ஒரு படி மங்கினால் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வேலூர் நகரத்துக்குள் இரண்டரை படி போய்விடுகிறது என்று வைத்தால், காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மாடியில் படுத்தால் நடுராத்திரிக்கு மேல் மணிக்கு எட்டு, பத்து. ஊர் எல்லையில் 25 வரை. தெருவிளக்கு கண்ணில் அடிக்காத கிராமத்தில் 45 முதல் 60. ஜவ்வாது மலையில் நல்ல இருட்டில் 80க்கு மேலும் போகலாம். இவை கணக்கு தரும் எண்கள், அன்றைய காற்றின் ஈரமும் தூசியும் இதைப் பாதியாகவும் ஆக்கும். எண்பது என்றாலும் அது மழை மாதிரி கொட்டாது. நான்கு நிமிடம் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரே நிமிடத்தில் மூன்று வரும். போனை எடுப்பது அந்த நான்காவது நிமிடத்தில்தான்.

வானம் எவ்வளவு இருட்டு என்பதைப் போய்ச் சேர்ந்ததும் சோதித்துக்கொள்ள கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பாருங்கள். டிசம்பரில் ஒன்பது மணிக்கு அது ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். கண்ணை இருட்டுக்குப் பழக்கிய பிறகு ஆறு தெளிவாக எண்ண முடிந்தால் தங்கலாம். ஏழு, எட்டு தெரிந்தால் அருமை. வெறும் புகை மாதிரித் தெரிந்து நான்கு கூட எண்ண முடியவில்லை என்றால், இன்னும் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போக நேரம் இருக்கிறதா என்று யோசிக்கலாம். சிலர் துருவ நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். நம் ஊரில் அது தொடுவானத்திலிருந்து 13 பாகையில், ஆம்பூர், வேலூர் வெளிச்சத்துக்குள் முங்கிக் கிடக்கும், உதவாது.

மேகத்தைப் பற்றி உறுதியாக யாரும் சொல்ல முடியாது, வடகிழக்குப் பருவமழை முடியாத காலம் அது. ஆனால் ஐந்து மணிக்குச் செய்ய வேண்டிய சோதனை இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களைத் திறந்து, கடைசி ஆறு மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். வங்கக்கடலில் தாழ்வு இருந்து மேகக்கூட்டம் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் போக வேண்டாம். கடல் அமைதியாக இருந்து வறண்ட வடகாற்று வீசினால் கிளம்பலாம். இதில் ஒரு சூட்சுமம்: ராத்திரியில் கிடைப்பது அகச்சிவப்புப் படம் மட்டுமே. அது மேகத்தின் குளிர்ச்சியைத்தான் காட்டுகிறது. தரையை ஒட்டிய தாழ்ந்த மேகமும் பனிமூட்டமும் ஏறக்குறைய தரையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் சாதாரண அகச்சிவப்புப் படத்தில் பெரும்பாலும் தெரியாது. படம் துல்லியமாகக் கறுப்பாக இருக்கிறதே என்று மலையேறிப் போனவர்கள் மூடுபனிக்குள் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அதற்கு உங்கள் கண்தான் கருவி. முந்தின நாள் மழை பெய்து, இன்று வானம் வெளுத்து, காற்று அசையாமல் இருந்தால் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் பனி இறங்க வாய்ப்பு அதிகம். பள்ளத்தாக்கு, ஏரி, வாழைத்தோப்பு இருக்கும் இடங்களில் முதலில் இறங்கும்.

இப்போது இடம். ஏலகிரியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் விடுதி விளக்குகள், டிசம்பர் வார இறுதியில் கேம்ப்ஃபயர், பாட்டு. கீழே ஜோலார்பேட்டை ஜங்ஷன், திருப்பத்தூர் வெளிச்சம். மேலே ஊரே ஒரு கிண்ணம் போல மலைகளுக்கு நடுவில் இருப்பதால் பனியும் தங்கும். ஜவ்வாது மலை இருட்டுக்கு வடார்க்காடு முழுவதிலும் முதல் தரம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகவோ, வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாகவோ ஜமுனாமரத்தூர் போகலாம். ஆனால் திடீர்ப் பயணத்துக்கு, அதுவும் பைக்கில், அதைத் தள்ளி வைக்கவே சொல்வேன். எட்டு மணிக்கு மேல் மலைப்பாதையில் தெருவிளக்கு கிடையாது, சாலையில் மாடு படுத்திருக்கும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் வரும், வளைவில் பனி திடீரென்று எதிரே நிற்கும். பல இடங்களில் போன் சிக்னலும் போய்விடும். சாலையின் இருபுறமும் பெரும்பாலும் காப்புக்காடு. அங்கே அனுமதி இல்லாமல் ராத்திரி இறங்கித் தங்குவது சட்டப்படி குற்றம். சந்தனமரக் கடத்தலால் அடிபட்ட மலை என்பதால், நடுராத்திரியில் ஓரமாக நிற்கும் வண்டியை வனத்துறையோ போலீசோ விசாரிக்காமல் போகாது, அது அவர்கள் கடமை. கரடியும் உண்டு. ஜமுனாமரத்தூரில் முன்கூட்டியே அறை சொல்லிவைத்து, பகலில் ஏறி, தங்குமிடத்து வளாகத்துக்குள்ளேயே பார்க்கிற திட்டம் இருந்தால் அதற்கு நிகர் இல்லை. அது வேறு பயணம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமும் இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் ஆந்திர எல்லையில் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் நிலங்களுக்குள் இறங்குகிற பகுதி அது. ராத்திரியில் வயலில் படுக்க நினைக்கவே வேண்டாம்.

நான் சொல்ல வந்த இடம், கிராமத்து வீட்டு மொட்டை மாடி. கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் பக்கமோ, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமோ உங்கள் நால்வரில் ஒருவருக்காவது அத்தை, மாமா, கூடப் படித்தவன் என்று யாராவது இருப்பார்கள். நெடுஞ்சாலையிலிருந்தும் ஊர் நடுத்தெருவிலிருந்தும் தள்ளி, கொல்லையில் தனியாக இருக்கும் வீடு என்றால் இன்னும் நல்லது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சமவெளிச் சாலையிலேயே போய்விடலாம். எட்டு மணிக்குச் சாப்பாடு கிடைக்கும், வானம் எல்லாப் பக்கமும் திறந்திருக்கும், பாம்பு பயம் இல்லை, யாரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள், பனி கொட்டினால் கீழே போய்ப் படுக்கலாம். மலைக்கும் இதற்கும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு குறையலாம். அந்தப் பங்குக்காக ராத்திரி மலைப்பாதையில் நாலு உயிரை வைத்து விளையாட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒன்று மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்: மாடிக்கு எதிரே எல்.இ.டி. தெருவிளக்கு இருக்கிறதா? ஒரே ஒரு விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் கிராமமும் காட்பாடி ஆகிவிடும். இருந்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுங்கள், அல்லது கைப்பிடிச் சுவரில் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த விளக்கை அணைக்க நீங்களாகக் கம்பத்தில் கை வைக்காதீர்கள்.

மாடி கிடைக்காமல் நிலத்தில்தான் படுக்க வேண்டும் என்றால் களத்துமேடு, அறுவடை முடிந்த கடலைக்கொல்லை மாதிரி வெட்டவெளியைத் தேர்ந்தெடுங்கள், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு. ஏரிக்கரை அழகாக இருக்கும், ஆனால் டிசம்பரில் கொசு, ஈரம், பனி மூன்றும் அங்கேதான். தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம், கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்குங்கள். காரணம் கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களின் போர்வைக்குள் வந்துவிடும். கடித்தது தெரியாத அளவுக்கு வலி குறைவு, வீக்கமும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, இமை கனத்துச் சரிவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும். தூக்கக் கலக்கம் என்று நினைத்து விட்டுவிட்டால் மூச்சுத் தசை நின்றுபோகும். அப்படி ஏதாவது அறிகுறி தெரிந்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் ஒரே இடத்தில் கிடைக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போவதுதான் முக்கியம், வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் சி.எம்.சி.யும் இருக்கின்றன. சிறுநீர் கழிக்க நடக்கும்போது டார்ச் கட்டாயம், செருப்பு போதாது, ஷூ.

இன்னொன்று பாம்பைவிடச் சாதாரணமாக நடப்பது, யாரும் சொல்வதில்லை. வேலூர் வட்டாரத்தில் மழைக்குப் பிந்திய குளிர்காலத்தில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நிறைய வரும். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. புல்மேல் நேராக உட்காராதீர்கள், தார்ப்பாய் விரியுங்கள், முழுக்கை, முழுக்கால்சட்டை, சாக்ஸ் போடுங்கள், வீடு திரும்பியதும் குளித்து அந்தத் துணிகளைத் துவைக்கப் போடுங்கள். ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தாலோ, அக்குள், இடுப்புப் பக்கம் சிகரெட் சுட்டது மாதிரிக் கறுத்த பொருக்கு தெரிந்தாலோ, வயலில் ராத்திரி தங்கியதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் ஆரம்பித்தால் எளிதாகக் குணமாகும், சாதாரணக் காய்ச்சல் என்று இழுத்தால்தான் ஆபத்து.

எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கொரு கம்பளி, குல்லா, உள்ளே ஒரு பழைய ஸ்வெட்டர். வேலூர்க்காரர்களுக்குக் குளிர் பழக்கமில்லை, படுத்து அசையாமல் இருக்கும்போது உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு, இல்லையென்றால் மூன்று மணிக்குக் கம்பளி பனியில் நனைந்து கனக்கும். ஃபிளாஸ்கில் டீ, கடலை மிட்டாய், தண்ணீர், ஓடோமாஸ். டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோஃபன் தாளை மூன்று மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. விழித்திரையில் வெளிச்சத்தால் சிதைந்த நிறமி மறுபடி ஊற அவ்வளவு நேரம் வேண்டும். ஒருவர் போனைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணும் கெட்டு, கணக்கு மறுபடி முதலிலிருந்து. போனை ஏரோப்ளேன் மோடில் ஒரே பையில் போட்டு மூடுவது நல்லது, அவசரத்துக்கு ஒன்றை மட்டும் ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும்போது தலை வடக்கே, கால் தெற்கே. நம் பெரியவர்கள் வடக்கே தலை வைக்க விட மாட்டார்கள், தூங்கப்போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள். போளூர், அணைக்கட்டு பக்கம் வடக்கில்தான் வேலூர், ராணிப்பேட்டை, நெடுஞ்சாலை வெளிச்சமெல்லாம் கூடி நிற்கும், அதை முதுகுக்குப் பின்னால் விட்டுவிடலாம். கிளம்பும் புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அங்கே தெரிபவை நம்மை நோக்கி வருவதால் குட்டையாக இருக்கும். அதிலிருந்து நாற்பது, ஐம்பது பாகை தள்ளி, நடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே பார்வையைத் தளர்வாக விடுங்கள். திருவாதிரையும் அதன் வேட்டைக்காரன் கூட்டமும் நிற்கும் தெற்குப் பக்கம் நல்லது. எல்லாக் கோடும் ஜெமினிட் அல்ல. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், போகாவிட்டால் அது வழிப்போக்கன். சீராக நகரும் ஒளிப்புள்ளி செயற்கைக்கோள். கண் சிமிட்டிப் போவது சென்னை, பெங்களூர் விமானம்.

எண்ணுவதென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும். நால்வர் பார்த்ததையும் கூட்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஒரே விண்கல்லை மூவர் பார்த்திருப்பீர்கள். இடது பாக்கெட்டில் புளியங்கொட்டை, ஒன்று பார்த்ததும் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். கண் வானத்தை விட்டு இறங்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் மட்டும் சிவப்பு வெளிச்சத்தில் குறித்துக்கொள்ளலாம். 'அங்க பாரு' என்று கத்துவதில் பயன் இல்லை, திரும்புவதற்குள் அணைந்திருக்கும், அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கமும் ஒன்று போயிருக்கும். கேமரா கொண்டுவந்தால் ட்ரைபாடில் வைத்து, அகலக் கோண லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதற்குக் கீழ், ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, பதினைந்து இருபது நொடி, தொடர்ச்சியாக ஓட விடுங்கள். ஃபோகஸை ஒரு பிரகாசமான விண்மீனில் கையால் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை லென்ஸில் பனி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். முதல் முறை போகிறவர்கள் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டால் நல்லது என்பேன், அதைப் பார்த்துக்கொண்டிருந்தே பாதி ராத்திரி போய்விடும்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் திட்டம் போடுவதில்லை. இந்தப் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து பாம்போ கரடியோ அல்ல, அதிகாலை நாலரைக்கு பைக் ஓட்டுவதுதான். பகல் முழுக்க வேலை, ராத்திரி முழுக்க விழிப்பு, உடம்பு தூங்கக் கேட்கும் நேரம், எதிரே பனி. மறுநாள் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயே ஆக வேண்டும் என்றால் நாலு மணிக்குப் பார்ப்பதை நிறுத்தி ஆறரை வரை அங்கேயே தூங்குங்கள், பொழுது விடிந்து வண்டி எடுங்கள். ஓட்டப்போகும் இருவர் முன்னிரவில் ஒன்பது முதல் பதினொன்று வரை தூங்கிவிடுவது இன்னும் நல்லது. அவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, நல்ல பகுதி அதற்குப் பிறகுதான். இதற்குச் சம்மதிக்காத ஆள் கூட்டத்தில் இருந்தால் போகாமல் இருப்பது மேல்.

13ஆம் தேதி மேகம் மூடிவிட்டால் 14 ராத்திரி போகலாம். ஜெமினிட் உச்சத்துக்கு மெதுவாக ஏறும், இறங்கும்போது சட்டென்று இறங்கும். ஆகவே எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கும், ஆனால் பிரகாசமானவை அப்போதும் வரும். 12 ராத்திரி வானம் நன்றாக இருந்து 13க்கு மழை என்று வானிலை சொன்னால், 12ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஜனவரி 3, 4இல் வரும் குவாட்ரன்டிட். மழை ஓய்ந்த வானம், ஆனால் அதன் உச்சம் சில மணி நேரம் மட்டும். அது இந்திய நேரப்படி அதிகாலை 3 முதல் 5க்குள் விழுகிற ஆண்டில் மட்டும் போங்கள், பகலில் விழுந்தால் விட்டுவிடுங்கள். ஆகஸ்டு 12, 13 பெர்சீடுக்கு உலகமே ஆரவாரம் செய்யும், நமக்கு அது அவ்வளவு தோது இல்லை. கிளம்பும் புள்ளி வடக்கே தாழ்வாக இருக்கிறது, சாயங்கால இடிமழை மேகமும் சேர்ந்துகொள்ளும். அதைவிட மே 5, 6 அதிகாலையில் வரும் ஈட்டா அக்குவாரிட் நம் அட்சரேகைக்குப் பொருத்தம், ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி. அக்னி நட்சத்திரக் காலத்தில் எப்படியும் மாடியில்தான் படுப்பீர்கள், மூன்று மணிக்கு அலாரம் வைத்தால் போதும்.